உப்பில்லா முத்தம்: காதல் நாவல் அட்டைப் போட்டியும் அதன்பின் வந்த சில கேள்விகளும்

டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் அமர்ந்திருப்பது எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்களில் பலருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. வாரத்திற்கு இருமுறையோ மும்முறையோ அந்த நேரத்தைக் கடந்து வருபவர்கள் நீங்கள். வெளியே வராந்தாவில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதே நான்கு மணி நேரத்தைக் கழிக்கும் மனைவி, கணவர், மகள், மருமகள் ஆகியோரும் இக்கணக்கில் சேர்ந்தவர்களே. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, எவரும் பார்ப்பதில்லை. கைப்பேசியில் சார்ஜ் இரண்டாம் மணியிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த நேரத்திற்கென்று எங்கள் சிறுநீரகவியல் பிரிவின் செவிலியர் ஒரு விளையாட்டை முன்மொழிந்தனர். எழுதப்படாத ஒரு காதல் நாவலுக்கு, வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே ஓர் அட்டை தயாரிக்க வேண்டும்.

கதை எழுத வேண்டாம். தலைப்பு, ஆசிரியரின் புனைபெயர், படம், பின்னட்டையில் ஐந்து வரிக்கு மேற்படாத கதைக்குறிப்பு, மூலையில் விலை, இவ்வளவே. பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் மாத நாவலின் அளவில் இருந்தால் போதும். பழைய நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், வார இதழ், துணிக்கடைப் பை முதலியவற்றை வெட்டி ஒட்டலாம். கணினி வரைந்து தந்த படம் கூடாது. சிகிச்சை பெறுபவரும் உடன் வருபவரும் சேர்ந்தும் செய்யலாம், தனித்தும் செய்யலாம். பிறருடைய முகத்தை அவருடைய இசைவின்றி ஒட்டக் கூடாது என்பது பின்னர் சேர்த்த விதி. முதல் நாளே வந்துசேர்ந்த அட்டை ஒன்றில், குதிரையின் மீது நாயகனாக எங்கள் மூத்த டயாலிசிஸ் தொழில்நுட்பர் வீற்றிருந்ததே அதற்குக் காரணம்.

கோலப் போட்டியோ பாட்டுப் போட்டியோ வைத்திருக்கலாமே என்று சிலர் வினவினர். கோலப் போட்டியில் கோலம் அறிந்தவரே வெல்வார். பாட்டுப் போட்டியில் குரல்வளம் உடையவரே வெல்வார். காதல் நாவலின் அட்டை அத்தகையதன்று. அது நன்றாக அமைந்தால் அழகு. மோசமாக அமைந்தால் இன்னும் அழகு. நாயகனின் தலை ஒரு நடிகருடையதாகவும், உடல் ஒரு சிமெண்ட் விளம்பரத்திலிருந்து எடுத்ததாகவும் இருந்தால், சிரிக்காமல் இருக்க எவராலும் இயலாது. கை நடுக்கமுள்ளவரும் கலந்துகொள்ளக்கூடிய போட்டிகள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

மேலும், அந்த அட்டையின் மொழி நம் அனைவருக்கும் தெரிந்ததே. எங்கள் பிரிவின் மருத்துவர்கள் பெரும்பாலும் நாற்பதுகளில் இருப்பவர்கள். பெட்டிக்கடையின் முன்னே கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள். தமிழ்க் காதல் நாவலின் அட்டையில் பெண்ணின் முகம் பெரிதாக இருக்கும். ஆண் பெரும்பாலும் சற்றுப் பின்னால், தொலைவில் இருப்பான். ஒரு ஜன்னல், ஒரு நிலவு, கூந்தலில் ஒரு சரம் மல்லிகை. இருவரும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, பார்வையே போதும். மாருதியும் மணியம் செல்வனும் வரைந்த பெண் முகங்களின் கண்களை நினைவுகூர்பவர்களுக்கு இது விளங்கும். எழுதியவர் ரமணிசந்திரன் என்றால், தலைப்பைப் படிக்கும் முன்பே புத்தகம் கைமாறிவிடும்.

மேலை நாட்டு அட்டைகளின் வழி வேறு. லண்டனில் 1908-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் பின்னாளில் காதல் நாவலுக்கு மறுபெயராகவே ஆயிற்று. கனடாவில் 1949-இல் தோன்றிய ஹார்லெக்வின் நிறுவனம் 1971-இல் அதனை வாங்கியது. அமெரிக்காவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிவந்த சரித்திரக் காதல் நாவல்களின் அட்டைகளிலோ எப்போதும் புயற்காற்று வீசும். நாயகனின் சட்டைக்கு மட்டும் பொத்தான்கள் இரா. நாயகி அவன் கைகளில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருத்துவமனைக் காதலுக்கென்றே மில்ஸ் அண்ட் பூன் ஒரு தனி வரிசையை வெளியிட்டு வருகிறது. அந்நாவல்களின் மருத்துவர்கள் உயரமானவர்கள், மௌனமானவர்கள், தாடை உறுதியானவர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவு என்ற ஒன்று இருப்பதாக எந்த அட்டையும் காட்டுவதில்லை.

மருத்துவத்துக்கும் காதல் கதைக்கும் தமிழில் உண்மையாகவே ஓர் உறவு உண்டு. ‘லட்சுமி’ என்ற பெயரில் குடும்பமும் காதலும் கலந்த நாவல்களை எழுதி, 1984-இல் ‘ஒரு காவிரியைப் போல’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற திரிபுரசுந்தரி ஒரு மருத்துவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். படிக்கும் காலத்திலேயே எழுதத் தொடங்கியவர். ஆகவே எங்கள் செவிலியரின் யோசனை மருத்துவமனைக்கு அந்நியமானதன்று என்று நாங்களும் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கைக்குக் கிடைத்ததை வெட்டி ஒட்டும் வேலைக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கும் கூட ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. மனிதருக்குப் பயன்பட்ட முதல் டயாலிசிஸ் இயந்திரங்களை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் வசப்பட்டிருந்த நெதர்லாந்தில் கம்பென் என்ற சிற்றூரில் பணியாற்றியவர். போர்க்காலத் தட்டுப்பாட்டில், கொத்திறைச்சியை அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையின் மீது சுற்றி, 1943-இல் அவர் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தலானார். தொடக்கத்தில் பலர் பிழைக்கவில்லை. 1945-இல் ஒரு மூதாட்டி உயிர் பிழைத்தார். இன்று உங்கள் அருகே மெல்லிய ஒலியெழுப்பி நிற்கும் இயந்திரத்தின் மூதாதை, வீட்டுச் சாமான்களால் ஆனது என்றே சொல்லிவிடலாம்.

போட்டியின் பாதுகாப்பு விதிகளை எழுதும்போதுதான் எங்களுக்குள் மருத்துவர் விழித்துக்கொண்டார். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் தரப்படுவதால், சிறு கீறலிலும் இரத்தம் நிற்க நேரமாகும். எனவே மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் மட்டுமே. அதுவும் ஊசி போட்டிருக்கும் நேரத்தில் உடன் வருபவரின் கையில் மட்டுமே. கத்தரிக்கோலையும் பசைக்குச்சியையும் பக்கத்து நாற்காலிக்குக் கொடுத்து வாங்கக் கூடாது. ஜிகினாத் தூளுக்கும் கோலப்பொடிக்கும் தடை, ஏனெனில் ஊசி இடத்தின் அருகே தூள் பறப்பது நல்லதன்று. சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு; அது நஞ்சு. ஆகவே காய்ச்சிய பசையும் வேண்டாம் என்றோம். நீர்வண்ணத்தைத் தவிர்த்து ஸ்கெட்ச் பேனாவைச் சொன்னதற்குக் காரணம் வேறு. தண்ணீரை அளந்து குடிப்பவரின் எதிரே ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அதில் தூரிகையை மட்டும் நனையுங்கள் என்பது கொடுமை அல்லவா?

ஊசி போட்டிருக்கும் கையை அசைக்கலாகாது. ஆயினும் வரைய முடியும். பிஸ்டுலா அறுவையைக் கூடியவரை எழுதாத கையில் செய்வது எங்கள் வழக்கம். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கையில். அந்த ஏற்பாடு ஓவியப் போட்டிக்கும் உதவும் என்று அறுவை மருத்துவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மூன்று வாரங்களில் 31 அட்டைகள் வந்தன. அவற்றுள் சிலவற்றை, உரியவர்களின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு இங்கே குறிப்பிடுகிறோம்.

‘எடை கூடிய இதயம்’ என்ற நாவலில் நாயகனும் நாயகியும் எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது ஒன்றாக நிற்கிறார்கள். முள் இரண்டு கிலோ அதிகம் காட்டுகிறது. அது காதலின் எடையா, இரண்டு நாளாகக் குடித்த மோரின் எடையா என்று பின்னட்டை வினவுகிறது. ‘மணிக்கட்டில் ஒரு வண்டு’ என்பது மற்றொன்று. ‘டாக்டரின் கையெழுத்து’ என்ற மர்மக் காதல் நாவலில், நாயகன் எழுதிய காதல் கடிதத்தை மருந்துக் கடைக்காரர் ஒருவரைத் தவிர எவராலும் படிக்க முடியவில்லை. இதை நாங்கள் கருத்துரையின்றி வெளியிடுகிறோம்.

எல்லோரும் நின்று பார்த்த அட்டை ‘உப்பில்லா முத்தம்’. அதைச் செய்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். நான்கு ஆண்டுகளாக எங்களிடம் சிகிச்சை பெறுபவர். பழைய பயணச்சீட்டுகளைச் சுற்றிலும் கரையாக ஒட்டியிருந்தார். நடுவில் அவர்களுடைய திருமணப் புகைப்படத்தின் நகல். அதன் மேல், உப்புப் பாக்கெட்டிலிருந்து வெட்டிய ‘உப்பு’ என்ற எழுத்துகள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பின்னட்டையை எழுதியவர் அவருடைய மனைவி. முப்பது ஆண்டுகள் தன் சமையலை ஒரு சொல் குறை கூறாத கணவன், முதன்முதலாகத் தட்டைத் தள்ளிவைத்த நாள் முதல் கதை தொடங்குவதாக அவர் எழுதியிருந்தார். அன்று முதல் தானும் உப்பில்லாமலே உண்ணும் நாயகி, அதைக் கணவனிடம் சொல்லவில்லை. கணவருக்கே அது அட்டையைப் படித்த பின்னர்தான் தெரிந்தது. “ஏம்மா, நீ சொல்லவே இல்லையே?” என்று அவர் கேட்டதையும், “நீங்க கேக்கவே இல்லையேங்க” என்று அவர் சொன்னதையும் அருகிலிருந்த மூன்று நாற்காலிகளும் கேட்டன.

இவ்விடத்தில் ஒரு மருத்துவக் குறிப்பு. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை ஏறும் எடையும் குறையும். ஆனால் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடைகளில் விற்பவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியமே. எலுமிச்சைச் சாறு சில துளி, மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைக் கொண்டு சுவையூட்டும் முறையை எங்கள் உணவியல் நிபுணரிடம் கேட்டறியுங்கள். உடன் வாழ்பவரும் உப்பைக் குறைப்பதில் தவறில்லை. அதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை.

மேலை நாட்டுப் பாணியில், நாயகன் நாயகியை இரு கைகளிலும் ஏந்தி நிற்கும் அட்டைகளும் சில வந்தன. நடுவர் குழுவில் இருந்த எங்களுக்கு இங்கே ஒரு சிக்கல். நாயகனின் இடக்கையில் பிஸ்டுலா தெளிவாக வரையப்பட்டிருந்தது! அந்தக் கையால் பாரம் தூக்கலாகாது. தண்ணீர்க் குடத்துக்கு உள்ள தடை நாயகிக்கும் உண்டு. நாயகி அந்தக் கையைத் தலையணையாக வைத்து உறங்கவும் கூடாது. அழுத்தத்தால் இரத்தவோட்டம் நின்று பிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். இறுக்கமான வளையல், கடிகாரம், அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பது, இரத்தம் எடுப்பது, இவையும் வேண்டாம். மறுகை முழுமையாகக் காதலுக்கு உரியது என்று தீர்ப்பில் எழுதினோம். பலர் சிரித்தனர். ஓரிருவர், தம்பதியர் படுக்கையில் எந்தப் பக்கம் யார் படுப்பது என்பதைத் தனியாக வந்து கேட்டுச் சென்றனர். அது நல்ல கேள்வியே: பிஸ்டுலா உள்ள கை வெளிப்புறமாக இருக்கும்படி படுத்தால் இருவருக்கும் கவலை இல்லை.

போட்டி வேறொரு திசையில் திரும்பியது இளம்பெண் ஒருவரின் அட்டையால். முப்பது வயதைத் தொடாதவர். எந்த வெயிலிலும் துப்பட்டாவால் இடக்கையை முழங்கை வரை போர்த்திக்கொண்டே வருவார். பிஸ்டுலா என்பது தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைப்பது. 1966-இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் அம்முறையை வெளியிட்டபின் டயாலிசிஸ் சிகிச்சையே மாறியது. தமனியின் வேகம் பாய்வதால் சிரை தடிக்கிறது. தொட்டால் வண்டு முரல்வதுபோல் அதிர்கிறது. காலப்போக்கில் சிலருக்குக் கை புடைத்துக் காணும். எங்கள் கண்ணுக்கு அது நன்கு வளர்ந்த, உயிர் காக்கும் பிஸ்டுலா. அவர் கண்ணுக்கு அது திருமண வீடுகளில் ஒளித்துவைக்க வேண்டிய ஒன்று.

அவருடைய அட்டையில் முகமே இல்லை. ஒரு பெண்ணின் கை மட்டுமே இருந்தது. புடைத்த சிரையை அவர் ஒரு கொடியாக வரைந்து, ஊசி இடங்களில் இரண்டு மல்லிகை மொட்டுகளை வைத்திருந்தார். அந்தக் கையின் மீது ஓர் ஆணின் உள்ளங்கை, தொடுவதற்குச் சற்று முன் நின்றுவிட்டது. தலைப்பு: ‘தொட்டால் என்ன?’ தலைப்பின் கேள்விக்குறியைப் பார்த்த அவருடைய கணவர், செவிலியரிடம் தனியாக வந்து, தொட்டால் அது வெடித்துவிடுமோ என்று அஞ்சியே தாம் விலகியிருப்பதாகக் கூறினார். மனைவியோ, தம் கையைக் கண்டு அவர் அருவருப்பதாக இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மென்மையாகத் தொட்டால் பிஸ்டுலாவுக்கு எதுவும் ஆகாது. சொல்லப்போனால் நாள்தோறும் தொட்டுப் பார்த்து அதிர்வு இருக்கிறதா என்று அறிய வேண்டும். அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்தச் சோதனையைக் காலையும் மாலையும் செய்யும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்தோம். மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து என்று எங்கள் செவிலியர் அதைச் சொல்கிறார். நாங்கள் மறுக்கவில்லை.

இந்த அட்டை சுவரில் ஏறிய மறுவாரம், அட்டைகளைப் போடும் பெட்டியில் அட்டைகளோடு சில துண்டுத் தாள்களும் விழத் தொடங்கின. பெயர் இல்லை. கேள்விகள் மட்டும் இருந்தன. வெளிநோயாளி அறையில், மகனோ மாமியாரோ அருகில் நிற்க, எவரும் கேட்க விரும்பாத கேள்விகள். அவற்றுக்கு இங்கேயே விடையளிப்பது முறை என்று கருதுகிறோம்.

சிறுநீரக நோய் முத்தத்தாலோ தழுவலாலோ ஒரே தட்டில் உண்பதாலோ தொற்றுவதில்லை. தட்டையும் பாயையும் தனியாக்கும் வீடுகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் உள்ளவர்களுக்கு மட்டும் தாம்பத்தியத்தில் தனி எச்சரிக்கை தேவை. அதை அவரவரிடம் நேரில் விளக்குவோம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. வாழ்க்கைத் துணைக்கும் போட்டுக்கொள்ளலாம். தாம்பத்திய உறவுக்கு டயாலிசிஸ் ஒரு தடையன்று. உடல் இடம் கொடுக்கும் நாளில், இருவரும் விரும்பினால், தடை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. டயாலிசிஸ் செய்த அன்று அயர்ச்சி மிகுந்திருக்கும்; மறுநாள் பலருக்கு உடல் இலேசாக இருக்கும்.

நாட்டம் குறைவது மிகப் பலருக்கு நேர்வது. அது அன்பு குறைந்ததன் அடையாளம் அன்று. இரத்தசோகை, ஹார்மோன் மாற்றங்கள், உறக்கமின்மை, மனச்சோர்வு, நீரிழிவால் பழுதான நரம்புகள், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், இவற்றுள் ஒன்றோ பலவோ காரணமாகலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவம் உண்டு. இரத்தசோகைக்கு ஊசியும் இரும்புச்சத்தும் உண்டு, மாத்திரையை மாற்றலாம், டயாலிசிஸ் போதிய அளவு நடைபெறுகிறதா என்று கணக்கிடலாம். கேட்டால்தான் செய்ய முடியும். ஆண்கள் கடைகளில் தாமாக வாங்கும் மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் அதனோடு சில்டெனாஃபில் வகை மாத்திரையைச் சேர்த்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு வீழும். வெட்கப்பட்டுக் கடைக்குச் செல்வதைவிட வெட்கப்பட்டேனும் எங்களிடம் வருவது நல்லது.

குழந்தை பற்றிய கேள்வி ஒரே ஒரு தாளில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. டயாலிசிஸ் பெறும் காலத்தில் கருத்தரிப்பது அரிது, ஆயினும் நிகழக்கூடியது, தாய்க்கும் சேய்க்கும் இடர் மிகுந்தது. ஆகவே மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டாலும் கருத்தடை குறித்துப் பேசிக்கொள்ள வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின் பலருக்குக் கருவுறும் ஆற்றல் மீள்கிறது. அப்போதும் பொதுவாக ஓராண்டேனும் பொறுத்து, சிறுநீரகம் நிலையாகச் செயல்படுவதை உறுதிசெய்து, மைக்கோபீனோலேட் போன்ற சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றிய பின்னரே கருத்தரிக்க வேண்டும். அந்தத் தாளை எழுதியவர் எங்களை வந்து காணலாம். இதற்கென்று நேரம் ஒதுக்கி, மகப்பேறு மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு பேசுவோம்.

எல்லா அட்டைகளும் இருவரைப் பற்றியவை அல்ல. ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து தனியாகத் திரும்பும் முதியவர் ஒருவர், பேருந்தின் ஜன்னலோர இருக்கை ஒன்றை மட்டும் வரைந்தார். அதன் மீது ஒரு கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கப்பட்டிருந்தது. ‘இடப்பக்க ஜன்னல்’ என்று தலைப்பு; விலை, ஒரு டிக்கெட். பின்னட்டையில் எதுவும் எழுதவில்லை. ஐந்து வரி அனுமதி உண்டு என்று நினைவூட்டியபோது, தேவையில்லை என்றார். இப்போது அவருடைய சிகிச்சை நேரத்தை, அவர் ஊரைச் சேர்ந்த மற்றொருவரின் நேரத்தோடு ஒன்றாக மாற்றியிருக்கிறோம். இருவரும் ஒரே ஆட்டோவில் வருகிறார்கள். வழியெல்லாம் அரசியல் சண்டை என்று கேள்வி.

எழுபது வயதைத் தாண்டிய தம்பதியர் அட்டை செய்வதை அவர்களுடைய மகன் விரும்பவில்லை. இந்த வயதில் காதல் என்று சுவரில் ஒட்டினால் உறவினர் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். “அப்பாவுக்கு வயசாயிடுச்சுன்னா எனக்கும் ஆயிடுச்சா?” என்று தாயார் கேட்டதோடு அந்த வழக்கு முடிந்தது. அட்டை சுவரில் இருக்கிறது.

முதற் பரிசு பெற்ற அட்டையில் படம் என்று சொல்லத்தக்கது ஒரு தலையணை மட்டுமே. பழைய புடவைக் கிழிசலை ஒட்டிச் செய்தது. தலைப்பு, ‘மாலை நான்கு மணித் தூக்கம்’. செய்தவர், ஆறு ஆண்டுகளாகக் கணவரை அழைத்து வருபவர்; வீட்டில் தையல் வேலை; பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். பின்னட்டை இதுதான்: அவன் வந்தான்; குக்கரை அவனே இறக்கினான்; பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தான்; ‘நீ தூங்கு’ என்றான்; அவள் தூங்கினாள்; முற்றும்.

நடுவர்கள் முதலில் சிரித்தார்கள். பின்னர் வராந்தாவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதைப் படித்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. இந்த நாவல் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். இத்தனை அட்டைகளில், ஏங்கியதை இவ்வளவு நேராகச் சொன்னது இது ஒன்றே என்பது எங்கள் கருத்து. கணவர் அதை மூன்று முறை படித்தார் என்று செவிலியர் கூறினர். மருத்துவச் சமூகப் பணியாளர் அந்தக் குடும்பத்தாரை அழைத்துப் பேசியதில், வியாழக்கிழமைகளில் கணவரின் தம்பி உடன் வருவது என்று முடிவாயிற்று. சிகிச்சை இல்லாத நாள்களில் குக்கரை இறக்குவது கணவரின் பொறுப்பு. வலக்கையால் மட்டும், ஆவி அடங்கிய பின்னர்.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளியின் கோப்பைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவர்களுக்குத் தம் பெயரில் ஒரு சீட்டுக்கூட இருப்பதில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமுமே சிறுநீரகச் செயலிழப்பின் தலையாய காரணங்கள். காத்திருக்கும் நேரத்தில் செவிலியர் மேசையில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

அட்டைகள் அனைத்தும் டயாலிசிஸ் பிரிவுக்குச் செல்லும் வராந்தாவின் இடப்புறச் சுவரில் உள்ளன. போட்டி முடிந்த பின்னும் பெட்டியை எடுக்கவில்லை. அதன் சாவி மூத்த செவிலியரிடம் மட்டுமே இருக்கும். தாளில் பெயரோ நாற்காலி எண்ணோ எழுத வேண்டியதில்லை. பொதுவான கேள்விகளுக்கு இவ்விதழில் விடை வரும். நேரில் பேச விரும்புவோர், உடன் வந்திருப்பவர் முன்னிலையில் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. செவிலியரிடம் ‘அட்டை விஷயம்’ என்று சொன்னால் போதும், தனி அறைக்கு ஏற்பாடு செய்வார்.